கானாடுகாத்தானில் கேட்ட பாட்டு

கானாடுகாத்தானுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வீடு பார்க்கவே போகிறார்கள். நாமும் அதற்காகத்தான் போயிருந்தோம். காரைக்குடியிலிருந்து அரை மணி நேரப் பிரயாணம். ஊருக்குள் நுழைந்ததும், இவை வீடுகளா, கோட்டைகளா என்று திகைக்கும்படியான மாளிகைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. முகப்பு ஒரு தெருவில் இருந்தால், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கிறது. பர்மாத் தேக்கில் தூண்கள். இத்தாலியப் பளிங்கில் தரை. சுண்ணாம்போடு முட்டை வெண்கருவையும் சேர்த்துக் கண்ணாடிபோல் மெழுகிய சுவர்கள். ஆனால் பல வீடுகளில் பெரிய பூட்டுத் தொங்குகிறது. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கலியாணம் என்றால் வந்து கூடுவார்கள். மற்ற நாட்களில் சினிமாப் படம் பிடிக்கிறவர்கள் வருவதும் உண்டு.

நண்பர் ஒருவர் சொல்லியனுப்பியதன் பேரில் ஒரு வீட்டின் கதவு நமக்குத் திறந்தது. வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு முகப்பில் வந்து உட்கார்ந்தோம். எண்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆச்சி மோர் கொண்டுவரச் சொன்னார். அவருடைய மாமனார் காலத்தில் கொழும்பில் கடை வைத்திருந்தவர்களாம். விடுமுறைக்கு வந்திருந்த பேரன் செல்போனில் ஒரு பாட்டை வைத்துவிட்டுத் திண்ணைத் தூணைச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தான்.

அது 'எஞ்சாய் எஞ்சாமி' என்னும் பாட்டு. 2021-ம் வருஷம் மார்ச்சு மாதம் வெளியாகிச் சில மாதங்களுக்குள் பத்துக் கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்ட பாட்டு. நேயர்களில் அதைக் கேளாதவர்கள் சிலரே இருக்கலாம்.

ஆச்சி சிறிது நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு நம்மைப் பார்த்து, "ஏன் தம்பி, இது தோட்டத்துக் கூலிக்குப் போனவர்கள் பாட்டுத்தானே? மண்ணைத் திருத்தியவனுக்கு மண் இல்லை என்றுதானே சொல்கிறான்? அழவேண்டிய பாட்டுக்கு இந்தப் பிள்ளை ஆடுகிறானே! போன கலியாணத்திலேகூட இதைத்தான் போட்டார்கள்" என்றார்.

"அப்பத்தா, இது ஹிப்-ஹாப்! இதற்கு ஆடத்தான் வேணும்" என்றான் பேரன்.

இருவர் சொன்னதும் நியாயமாகவே நமக்குப் பட்டது. அதனால்தான் ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பேச்சு நம் மனத்தை விடவில்லை. அநீதியை எதிர்த்து எழுந்த பாட்டு சந்தைக்கு வந்து, விலைபோய், கலியாணப் பந்தலிலும் ஒலிக்கத் தொடங்கினால், அதில் எதிர்ப்பு என்பது மிஞ்சுகிறதா? சந்தைக்கே வராமல் இருந்துவிட்டால் அது யார் காதில் விழும்?

நுழைவுச் சீட்டுடன் பிறந்த சங்கீதம்

ஹிப்-ஹாப் என்பது மற்றச் சங்கீதங்களைப்போல் பண்டிதர்கள் வகுத்ததல்ல. அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில், கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் வறுமையில் வாழ்ந்த தெருக்களில் அது பிறந்தது. 1973-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 11-ந் தேதியை அதன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஜமெய்க்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற இளைஞர் அன்று ஓர் அடுக்கு வீட்டின் பொதுக்கூடத்தில் இசைத்தட்டுக்களைச் சுழலவிட்டார். பாட்டில் தாளம் மட்டும் தனித்து வரும் இடத்தை இரண்டு தட்டுக்களில் மாற்றி மாற்றி நீட்டுவது அவர் கண்ட வித்தை. நீட்டிய தாளத்தின்மேல் பேச்சைப் பாட்டாக அடுக்குவது பிறகு வளர்ந்த கலை.

அந்த விருந்தை ஏற்பாடு செய்தவர் ஹெர்க்கின் தங்கை. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும் என்பதற்காகப் பெண்களுக்கு 25 காசு, ஆண்களுக்கு 50 காசு என்று அவர் கட்டணம் வைத்தார். ஆகவே, இந்தச் சங்கீதம் முதலில் பரிசுத்தமாக இருந்து பிறகு பணத்தால் கெட்டுப்போயிற்று என்று சொல்வதற்கு இடமே இல்லை. பிறந்த அன்றே அதன் கையில் நுழைவுச் சீட்டு இருந்தது.

1979-ல் இவ்வகைப் பாட்டு ஒன்று முதன்முதலாகப் பெருவாரியாக விற்றது. அது வெறும் குதூகலப் பாட்டு. 1982-ல் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் குழுவின் பெயரில் 'தி மெஸேஜ்' என்ற தட்டு வந்தது. இடிந்த வீடும் வேலையில்லாத் திண்டாட்டமுமே அதன் விஷயம். "இதற்கு யார் ஆடுவார்கள்?" என்று குழுவினரே தயங்கினார்கள். இதை வெளியிட்டே தீரவேண்டும் என்று வற்புறுத்தியவர் இசைத்தட்டுக் கம்பெனியின் தலைவி ஸில்வியா ராபின்ஸன். பாடகர்கள் பின்வாங்க, வியாபாரி முன்னே தள்ளிய எதிர்ப்புப் பாட்டு அது! 1989-ல் பப்ளிக் எனிமி குழுவினர் பாடி உலகப் புகழ் பெற்ற 'பைட் தி பவர்' என்ற போர்முழக்கமும் ஸ்பைக் லீ என்பவர் தம் சினிமாவுக்காகக் கேட்டு வாங்கியதுதான்.

மயிலாசனத்தில் ஒரு தேசபக்தர்

இதையெல்லாம் படிக்கும் தமிழர்களுக்கு இது அமெரிக்கச் சமாசாரமாகத் தோன்றாது. நம் பாட்டனார் பாட்டிமார் காலத்திலேயே இந்த நாடகம் இங்கே நடந்திருக்கிறது.

சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸ் கம்பெனி நாடகங்களில் முருகன் வேஷம் போட்டவர். நாட்டின் விடுதலைக்காக அவர் தனி மேடை ஒன்றும் கட்டவில்லை. டிக்கட்டு வாங்கி வள்ளி திருமணம் பார்க்க வந்த ஜனங்களிடமே பாடினார். தினைப்புனத்தில் கொக்கை விரட்டுவதுபோல் பாட்டுத் தொடங்கும். வெள்ளைக் கொக்கு எது என்பது கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் விளங்கும். போலீஸார் கொட்டகைக்கு வெளியே காத்திருப்பார்கள். பலமுறை சிறை சென்ற அவர், 1940-ம் வருஷத்தின் கடைசி நாளில் சென்னையில் முருகன் வேஷத்துடன் மேடையிலேயே உயிர் நீத்தார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய தேசியப் பாட்டுக்களோ மேடையிலிருந்து கிராமபோன் தட்டுக்களுக்கும் பரவின. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தில், கதைக்கு எவ்விதச் சம்பந்தமும் இல்லாமல், காந்தியடிகளின் இராட்டையைப் பற்றி டி.பி.ராஜலட்சுமி பாடினார். அதற்கும் ஜனங்கள் கை தட்டினார்கள்.

கானாடுகாத்தானுக்கே இவ்விஷயத்தில் ஒரு பங்கு உண்டு. இவ்வூரின் பெரிய அரண்மனை ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியாருடையது. சங்கீத ஸபாக்களில் தமிழ்ப் பாட்டுக்குக் கடைசித் துக்கடாவின் இடந்தான் கிடைக்கிறது என்ற குறை தமிழ் மக்களுக்கு வெகுகாலமாக இருந்தது. அவர் ஆதரவில் 1941-ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மகாநாடு கூடியது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. குறை ஜனங்களுடையது, பொருள் தனவந்தருடையது. இரண்டும் சேர்ந்த பிறகே ஸபாக்களின் கதவு அசைந்தது.

பாட்டுக்கு ஒரு பட்டா

சந்தை பாட்டைச் சுமந்து செல்கிறது என்பது உண்மை. ஆனால் சுமந்தவனே பாட்டுக்குச் சொந்தக்காரனும் ஆகலாமா? இக்கேள்வியும் இந்தச் சீமையிலேயே எழுந்தது.

1928-ல் சென்னை சர்க்கார் பாரதியாரின் சுதேச கீதங்களைப் பறிமுதல் செய்தது. அவர் மறைந்து அப்போது ஏழு வருஷந்தான் ஆகியிருந்தது. பறிமுதல் செய்யப்பட்ட பாட்டுக்களுக்கு மவுசு குறையுமா? கிராமபோன் வந்தது, பேசும் படம் வந்தது. 1934-ல் பாரதி பாட்டுக்களை இசைத்தட்டில் பதிவு செய்யும் உரிமையைச் சென்னையில் சூரஜ்மல் என்ற நகை வியாபார நிறுவனத்தைச் சேர்ந்த ஜேசிங்லால் மேத்தா வாங்கினார். அவரிடமிருந்து அதைப் பின்னர் வாங்கியவர், காரைக்குடியில் பிறந்து இசைத்தட்டு வியாபாரத்தில் முன்னுக்கு வந்த ஏ.வி.மெய்யப்பச் செட்டியார்.

அவர் அதை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. கானாடுகாத்தானிலிருந்து தூரமில்லாத தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகைகளைப் போட்டு 'நாம் இருவர்' என்ற படத்தை எடுத்தார். டி.கே.பட்டம்மாள் பின்னணியில் பாரதி பாட்டுக்களைப் பாட, குமாரி கமலா ஆடினார். 1947-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் படம் வெளிவந்தது. சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதம் முன்னதாகவே தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் சுதந்திரக் கொண்டாட்டம் நடந்துவிட்டது! எத்தனை கூட்டம் போட்டுப் பேசினாலும், அத்தனை கிராமங்களுக்குப் பாரதியாரை அத்தனை விரைவில் கொண்டு சேர்த்திருக்க முடியாது.

ஆனால் 1948-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்று இடம் பெற்றபோது, உரிமை தம்முடையது என்று செட்டியார் தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்தது. நாட்டுக்கெல்லாம் பாடியவரின் பாட்டை நாட்டிலே பாடுவதற்கு ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று தமிழ்நாடு திகைத்தது. நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் கிளர்ச்சி செய்தார்கள். 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் சர்க்கார் பாரதியாரின் எழுத்துக்களின் உரிமையை வாங்கிக்கொண்டது. பாரதியாரின் குடும்பத்துக்கும் பணம் கொடுக்கப்பட்டது. மெய்யப்பச் செட்டியார் தம் வசமிருந்த உரிமையைப் பணம் கேளாமலே விட்டுக்கொடுத்தார். 1950-களின் நடுவில் அந்த எழுத்துக்கள் ஜனங்களின் பொதுச் சொத்தாயின.

இந்தச் சரித்திரத்தில் வியாபாரியைத் துரோகி என்று தூற்றவும் முடியாது. தியாகி என்று மட்டும் சொல்லி நிறுத்தவும் முடியாது. பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனவரும் அவரே. பட்டா எழுதி வைத்திருந்தவரும் அவரே. கேட்டபோது கொடுத்தவரும் அவரே. எதிர்ப்புப் பாட்டுக்குப் புகழ் ஆபத்தல்ல; பட்டா யார் பெயரில் என்பதிலேதான் ஆபத்து இருக்கிறது என்பதை நாம் இதிலிருந்து கற்கிறோம்.

கப்பலேறி வந்த சொல்

தமிழில் ஹிப்-ஹாப் முதலில் பிரபலமாக வந்தது மலேயாவிலிருந்து. செட்டிநாட்டார் லேவாதேவிக்கும் ஏழைத் தமிழர் ரப்பர் தோட்டத்துக்கும் கப்பலேறிச் சென்ற அதே மலேயாதான். கோலாலம்பூரில் யோகி பியும் அவர் தோழர்களும் 2006-ல் வெளியிட்ட 'வல்லவன்' என்ற தொகுப்பு தமிழ்நாட்டு இளைஞர்களைப் பற்றிக்கொண்டது. பின்னர் கோயம்புத்தூர் இளைஞர் ஆதி, 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பெயரில் இணையத்தில் பாடத் தொடங்கிச் சினிமாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

சந்தையின் சரக்கையே எடுத்துச் சந்தையை எதிர்த்துப் பாடிய உதாரணமும் உண்டு. கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனி நடத்தி 2001-ல் மூடிய வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவைப் பற்றி, 2015-ல் சென்னையைச் சேர்ந்த ஸோபியா அஷ்ரப் ஒரு பாட்டுப் பாடினார். மெட்டு, நிக்கி மினாஜ் என்ற அமெரிக்கப் பாடகியின் பிரபலப் பாட்டினுடையது. ஊரெல்லாம் முணுமுணுத்த மெட்டு ஆகையால் ஊரெல்லாம் கேட்டது. 2016 மார்ச்சில் கம்பெனி 591 முன்னாள் தொழிலாளர்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. பாட்டு ஒன்றே இதைச் சாதித்தது என்று சொல்லமாட்டோம். தொழிலாளர்கள் பதினைந்து வருஷமாகப் போராடி வந்தார்கள். உலகம் காது கொடுக்காத இடத்தில் பாட்டு அதன் காதைத் திருகிற்று; அவ்வளவே.

2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு முதன்முறையாக மேடையேறியது. இயக்குனர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு அது. கானாவும் பறையும் ஹிப்-ஹாப்பும் கலந்து, ஜாதிக் கொடுமையை நேருக்கு நேர் பாடினார்கள். அவர்களில் ஒருவர் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு. 'எஞ்சாய் எஞ்சாமி'யின் சொற்கள் அவருடையவை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து அவற்றை அவர் எடுத்தார். 1964-ம் வருஷத்து ஒப்பந்தத்தின்படி இந்தியா ஏற்பதாகச் சொன்ன 5,25,000 தோட்டத் தமிழர்களின் கதை அது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள், "உங்கள் ஊர் எது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் கப்பலேறிய கதை.

சந்தோஷ் நாராயணன் இசையமைக்க, தீயும் அறிவும் பாட, பாட்டு உலகம் சுற்றியது. அத்துடன் பழைய பட்டாப் பிரச்னையும் திரும்பி வந்தது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை இந்தப் பாட்டைப் பற்றிப் பேசிய இதழின் அட்டையில் அறிவின் படம் இல்லை. பா.ரஞ்சித் முதலியவர்கள் கண்டித்த பிறகு அவருக்காக இணையத்தில் தனியாக ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. பாட்டைத் தாமே புனைந்ததாக அறிவு எழுதினார். அவர் அமெரிக்காவில் இருந்ததாகவும், பாட்டு மூவரின் கூட்டு முயற்சி என்றும், உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்றும் இசையமைப்பாளர் பதிலளித்தார். இருவரில் யார் கட்சி சரி என்று தீர்ப்புக் கூற நாம் நியாயாதிபதி அல்ல. ஆனால் 2024-ல் சந்தோஷ் நாராயணனே, பாட்டின் வருமானத்தில் தங்களுக்கு ஒரு காசுகூட வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். கோடிக்கணக்கானவர்கள் கேட்ட பாட்டு; உழைத்தவனுக்குப் பலன் சேரவில்லை என்று சொல்லும் பாட்டு; அதன் கதையும் அப்படியே ஆயிற்று!

ஆச்சியின் கணக்கு

இவ்வளவையும் அன்று முகப்பில் உட்கார்ந்து ஆச்சியிடம் சுருக்கமாகச் சொன்னோம். அவர் கைகொட்டிச் சிரிக்கவும் இல்லை, அங்கலாய்க்கவும் இல்லை. கணக்குப் பெட்டி இருந்த மூலையைக் காட்டிச் சொன்னார்:

"எங்கள் மாமனார் கடையில் இரண்டு விஷயம் தவறாது, தம்பி. ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலாசம் உண்டு. மூன்று நான்கு எழுத்துத்தான். விலாசம் இல்லாத உண்டியலை யாரும் கையில் வாங்கமாட்டார்கள். இன்னொன்று மகமை. லாபத்தைப் பங்கிடுவதற்கு முன்னால் கோயிலுக்கும் தருமத்துக்கும் என்று எடுத்து வைத்துவிட வேண்டும். அதில் கை வைத்தால் கடை விளங்காது. பாட்டு வியாபாரம் செய்கிறவர்களுக்கு இந்த இரண்டும் தெரியாதா?"

இதைவிடத் தெளிவாக நம்மால் எழுத முடியாது. எதிர்ப்புப் பாட்டு விற்கட்டும். தட்டாக, படமாக, செல்போனில், கலியாணப் பந்தலில் எங்கு வேண்டுமானாலும் ஒலிக்கட்டும். ஆனால் அதன் விலாசம் அழியக் கூடாது. யாருடைய துன்பத்திலிருந்து அது பிறந்தது, யார் எழுதினார், யார் பாடினார் என்பது பாட்டோடு கூடவே போக வேண்டும். லாபத்தைப் பங்கிடுவதற்கு முன்னால் அந்த மக்களுக்குரிய மகமையை எடுத்து வைக்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் சந்தை பாட்டுக்குத் தேராகும். இல்லாவிட்டால் அதுவே பாட்டை அடைத்து வைக்கும் சிறையாகும்.

நாம் விடைபெற எழுந்தபோது பாட்டு முடிந்திருந்தது. மூச்சு வாங்க வந்து தூணில் சாய்ந்து நின்ற பேரன், எங்கள் பேச்சின் கடைசிப் பகுதியைக் கேட்டிருக்க வேண்டும்.

"அப்பத்தா, நமக்குக் கொழும்பில் கடை இருந்தது என்றீர்களே. இந்தப் பாட்டில் வருகிறவர்கள் உழைத்த பணந்தானா இந்த வீட்டுக்கும் வந்தது?" என்று கேட்டான்.

எந்தத் துண்டுப் பிரசுரமும் நுழைந்திருக்க முடியாத அந்த முகப்பில், ஆட்டம் பாட்டமாக நுழைந்த ஒரு பாட்டு அந்தக் கேள்வியைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. ஆச்சி சிறிது நேரம் அந்தத் தேக்குத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதிலேயும் ஒரு பங்கு வந்ததுதான், ராசா" என்றார். பிறகு, "அந்தப் பாட்டை இன்னொரு தரம் போடு. இந்தத் தடவை ஆடாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து கேள்" என்றார்.